கம்பத்தின் அடியில் வைத்த தகடு

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவருடைய உள்ளங்கைதான் வருகிறது. எப்போதும் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருக்கும் கை. காலைப் பூஜையின் சந்தனம் ரேகைகளில் காய்ந்திருக்கும். அதை எனக்கு முன்னால் நீட்டி, "அந்த முத்திரையைக் குடுத்துடுங்கம்மா" என்றார். இன்ஸ்பெக்டர்களுக்குக் கொடுக்கப்படும் சுண்டுவிரல் நீள எஃகு முத்திரை அது. சோதித்துப் பார்த்துச் சரி என்று கண்ட பொருளின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் என் எண் பதியும். கோட் பாக்கெட்டிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தேன். டீ இடைவேளைக்கு முன்பே மணியடித்துத் தொழிற்சாலை முழுவதையும் கூட்டியிருந்தார். நின்றவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மட்டும் பார்த்தார், அதுவும் இரக்கத்தோடு. அந்த இரக்கத்தைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் கெட்டிக்காரர். லேத் ஓடும் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டே உளி மழுங்கிவிட்டது என்று சொல்வார். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் உலோகவியல் டிப்ளமோ படித்த பெண்ணை வேலைக்கு எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கிருஷ்ணகிரி முஸ்லிம் வீட்டுப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். விண்ணப்பத்தைத் திருப்பித் தரும்போதே 'கல்யாணம் ஆனதும் போயிடுவீங்களே' என்பார்கள். அவர்தான் எடுத்தார். நோன்பு மாதத்தில் மூக்கண்டப்பள்ளியில் இருந்த அக்கா வீட்டுக்கு நான் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று, கேட்காமலே முன்கூட்டி அனுப்பிவைப்பார். இவையெல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் கோபம் இரட்டிப்பாகிறது. முதல் நாளிலிருந்தே அயோக்கியராக இருந்திருந்தால் நானும் முதல் நாளிலிருந்தே ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

எங்கள் தொழிற்சாலையில் செய்தது அலுமினிய ஏணிகளும் பஸ் ஜன்னல் சட்டங்களும். சென்னையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு சங்கத்தாருக்குப் படகுக் கம்பங்கள் தேவைப்பட்டன. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கட்டுப்படியாகவில்லை. ஏணி செய்கிறவர்களுக்குக் கம்பம் செய்யத் தெரியாதா என்று யாரோ கைகாட்ட, அந்த ஆர்டர் எங்களிடம் வந்தது. ஓசூரில் கடலைப் பார்த்தவர்களைத் தேடினால் கேன்டீனில் ஒரு மேசைகூட நிரம்பாது. நானே ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். ஆனால் கடல் உலோகத்தை என்ன செய்யும் என்று படித்திருந்தேன். அதனால் கம்பங்களைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதுவரை ஏணிப்படியின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். ஊரில் இருந்த தகப்பனாருக்கு, எங்கள் அத்தாவுக்கு, கடிதம் எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயம்.

கம்பம் அலுமினியக் குழாய். அதில் பூட்ட வேண்டிய கொக்கிகள், கயிறு கட்டும் பிடிகள், குறுக்குக் கழியைத் தாங்கும் கீல் எல்லாம் எவர்சில்வர். இரண்டும் நல்ல உலோகங்கள்தான். தனித்தனியாக இருந்தால் இரண்டும் கடற்கரையில் வருஷக்கணக்கில் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று உரசியபடி உப்புத் தண்ணீரில் நனைந்தால்தான் வினை. டார்ச் பேட்டரிக்குள் நடப்பது அங்கே நடக்கும், இளைத்த உலோகமான அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாக உதிரும். எவர்சில்வர் பளபளவென்று அப்படியே இருக்கும். பார்க்கிறவர்கள் பூட்டிய பொருளைப் பார்த்து நல்ல சாமான் என்பார்கள், அதற்கு அடியில் கம்பம் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கும். செம்பு என்றால் இன்னும் மோசம், எவர்சில்வர் வருஷத்தில் செய்வதைச் செம்பு மாதத்தில் செய்துவிடும்.

தடுக்கிற வழி கஷ்டமானதல்ல, பொறுமைதான் வேண்டும். இரண்டு உலோகமும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு கொக்கிக்கும் அடியில் நைலான் தகட்டை அளவாக வெட்டி வைக்க வேண்டும். துளை போட்டதும் அதன் விளிம்பில் குரோமேட் கலந்த மஞ்சள் பேஸ்ட்டைத் தடவ வேண்டும். ரிவெட்டையும் திருகாணியையும் அதே பேஸ்ட்டில் முக்கித்தான் இறக்க வேண்டும். கம்பத்தின் அடிமூடியில் ஒரு துளை விட வேண்டும், உள்ளே இறங்குகிற தண்ணீர் தேங்காமல் வடிந்துபோக.

"அலுமினியம் எங்கம்மா துருப் பிடிக்கும்? எங்க வீட்டு இட்லிப் பானைக்கு எனக்குச் சமமா வயசு" என்று சொன்னவர் எங்கள் ஃபிட்டர் அண்ணன். உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். நெற்றியில் பட்டை நாமம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அவரோடு வாதாடுவதில் பயனில்லை என்று கேன்டீனில் கல் உப்பு வாங்கி இரண்டு வாளியில் கரைத்தேன். ஒன்றில் பேஸ்ட் தடவிப் பூட்டிய குழாய்த் துண்டு, இன்னொன்றில் சும்மா பூட்டிய துண்டு. சில வாரங்கள் கழித்து இரண்டையும் அவர் கையாலேயே கழற்றச் சொன்னேன். சும்மா பூட்டியதன் அடியில் விரல் வைத்ததும் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாக வந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு பேஸ்ட் டப்பாவைத் தன் மேசைக்கு மாற்றிக்கொண்டார். அன்றுமுதல் எந்தப் பையனாவது அவசரத்தில் பேஸ்ட் இல்லாமல் ரிவெட்டை எடுத்தால், "டேய், பொண்ணுக்கு நலங்கு வைக்காமயா மணையில உக்கார வைக்கிற?" என்று அவர்தான் முதலில் கத்துவார். கம்பங்கள் முடிந்தபோது ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நுனிவரை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றின் அடிப்பகுதியிலும் என் முத்திரையைக் குத்தினேன். அந்தச் சத்தம் எனக்கு இனிமையாக இருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

லாரி வரும் நாளன்று மேனேஜர் பூஜைக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அந்தத் தொழிற்சாலையில் எந்தப் பூஜையிலும் நான் ஒதுங்கி நின்றதில்லை. பொரியும் கடலையும் என் பங்குக்கு மேலேயே வாங்கித் தின்றிருக்கிறேன். தேங்காய் உடைத்து முடித்ததும் அவர் ஒரு பட்டுத் துணியைப் பிரித்தார். உள்ளே செப்புத் தகடுகள், கம்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில். கோயிலில் வைத்துப் பூஜித்து, அட்சரம் எழுதி வாங்கி வந்திருந்தார். "வீட்டுக்கு நிலை நிறுத்தினாலே அடியில தகடு வைக்கிறோம். இது கடல்ல நிக்கப் போற மரம். பிள்ளைங்க ஏறிப் போற படகு" என்றார். சொல்லும்போது அவர் குரல் நெகிழ்ந்தது. அதுவும் நடிப்பு இல்லை. அடிமூடிகளைக் கழற்றித் தகட்டை உள்ளே வைத்து மறுபடி மூடச் சொன்னார்.

செம்பு, அலுமினியக் குழாய்க்குள், அதுவும் வடிதுளையின் மேலேயே. தண்ணீரும் போகாது. அவரைத் தனியாக அழைத்துத்தான் சொன்னேன். அதை இங்கே அழுத்தமாக எழுதுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் வைத்து எதிர்த்தேன் என்று பின்னால் கதை கட்டினார்கள். "சார், தகடு வேணாம்னு நான் சொல்லல. பிளாஸ்டிக் உறையில போட்டு ஒட்டி வச்சிடலாம். செம்பு கம்பத்தைத் தொடாம இருந்தாப் போதும், துளையை விட்டுத் தள்ளி வச்சிடலாம்" என்றேன். அவர் சிரித்தார். "சாமிக்கு மூச்சு முட்டாதாம்மா? உறையில போட்டா தகட்டுக்குச் சக்தி எப்படி இருக்கும்?" நான் வாளியை ஞாபகப்படுத்தினேன். அப்போதுதான் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் அதே மெதுவான குரலில் சொன்னார்: "உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்காதும்மா. அது தப்பில்ல. எங்க நம்பிக்கையை எங்களுக்கு விட்டுடுங்க."

நான் பேசியது செம்பைப் பற்றி. அவர் அதை ஒரே வாக்கியத்தில் என் வீட்டைப் பற்றியதாக மாற்றிவிட்டார். அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அது முஸ்லிம் பெண் சாமித் தகட்டைத் தடுத்தாள் என்றுதான் ஆகும். ஃபிட்டர் அண்ணன் என் பக்கத்தில் வந்து, "பேடா மேடம், வேணாம். சும்மனே இருங்க" என்று முணுமுணுத்துவிட்டுத் தகடுகளை உள்ளே வைத்தார்.

கம்பங்கள் போயின. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. அடுத்த மழையும் தீர்ந்த பிறகு சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. படகு கரைக்கு வரும் நேரத்தில் ஒரு கம்பம் அடியோடு நொறுங்கிச் சாய்ந்து, பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் தோள்பட்டை முறிந்துவிட்டது. மற்றக் கம்பங்களும் அடியில் உதிர்ந்துகொண்டிருந்தன. அன்றைக்குத்தான் டீக்கு முன்பே மணி அடித்தது. பேஸ்ட் சரியாகப் பூசப்படவில்லை, பார்க்காமலே முத்திரை குத்தப்பட்டிருக்கிறது என்றார் மேனேஜர். "அன்னிக்குப் பூஜையிலயே அவங்க மனசு ஒப்பி நிக்கல. நான்தான் பெரிசா எடுத்துக்கல" என்று வருத்தப்பட்டார். கையை நீட்டினார். முத்திரையைக் கொடுத்தேன், வேலையும் அத்தோடு போயிற்று. ஃபிட்டர் அண்ணன் வாயைத் திறந்தார். மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார். அண்ணனுக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள், அவரை நான் குறை சொல்லவில்லை.

ஓசூர் அப்போது சின்ன ஊர். தொழிற்பேட்டையில் ஒரு கேட்டில் நடந்தது மாலைக்குள் எல்லா கேட்டுக்கும் தெரிந்துவிடும். ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கேட்டுப் போனேன். "அந்தப் படகுக் கம்பம் இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டுவிட்டு, பார்த்து ஃபோன் பண்ணுகிறோம் என்றார்கள். ஃபோன் எங்கள் தெருவிலேயே கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும். தகட்டுக்காகப் பழிவாங்கத்தான் வேண்டுமென்றே பேஸ்ட்டை விட்டுவிட்டேன் என்றுகூட ஒரு பேச்சு ஓடியது. ஒருவருடைய தோளை முறிப்பதற்காக நான் திட்டமிட்டேனாம். அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே கொதித்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அப்போதுவரை அவர் அறியாமையால் செய்தார் என்றே நினைத்தேன். என்ன நடந்தது என்று அவருக்கே புரியவில்லை, பயத்தில் கைக்கு அகப்பட்டவள்மேல் போட்டுவிட்டார் என்று.

அந்த நினைப்பை உடைத்தவர் ஃபிட்டர் அண்ணன். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கினார். சங்கத்தாருக்கு மாற்றுக் கம்பங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன என்றார். அதே அளவு, அதே கொக்கி, அதே பேஸ்ட். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "புதுக் கம்பத்துக்குத் தகடு வைக்கலீங்க மேடம். நான் கேட்டேன். வேணாம், அந்தப் பேச்சையே எடுக்காதேன்னு சொல்லிட்டாரு" என்றார்.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது! எதனால் கம்பம் போனது என்று நன்றாகத் தெரிந்துதான் என்னைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறார். நான் சொன்னதை எடுத்துக்கொண்டார், என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார். அதுவரை எனக்கு இருந்தது வருத்தம். அந்த நிமிஷத்திலிருந்து வேறு ஒன்று. அதற்குத் தமிழில் நல்ல பெயர் கிடையாது. நான் வெட்கப்படவும் இல்லை. அவரை அழிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எந்த ஜனங்களுக்கு முன்னால் என்னை நிறுத்தினாரோ, அதே ஜனங்களுக்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதைவிடக் குறைந்த எதுவும் எனக்கு வேண்டாம்.

அத்தாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். படகுகள் வைத்திருந்த கொட்டகையைக் காத்துக்கொண்டிருந்த பெரியவர், உடைந்த கம்பத்தைப் பற்றிக் கேட்டதும் கதவைக் காட்டினார். அறுத்து எடுத்த அடித்துண்டைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்! புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒன்றுமே ஆகாதது போல் இருந்தது, என் முத்திரைகூட அப்படியே தெரிந்தது. மறுபக்கம் பூச்சி அரித்த வாழையிலை. ஓட்டைகளுக்குள்ளே பச்சைப் பாசி மாதிரி நிறம் மாறிய தகடு, அடிமூடியின் துளையை அடைத்தபடி ஒட்டிக் கிடந்தது. கம்பத்தின் மேல்பாகம் கொட்டகையின் பின்னால் வலை காயப்போடும் கொடியாகியிருந்தது. அதிலிருந்த ஒரு கொக்கியைக் கழற்றச் சொன்னேன். நைலான் தகட்டுக்கும் மஞ்சள் பேஸ்ட்டுக்கும் அடியில் அலுமினியம் புத்தம் புதிதாக மின்னியது. அடுத்த கொக்கி, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. நான் அழுதேன் என்று அத்தா பின்னால் வீட்டில் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. "இத்த எட்துனு போயி இன்னாமா பண்ணப்போற?" என்று பெரியவர் கேட்டார். ஒருத்தருக்குக் காட்ட வேண்டும் என்றேன். கதவுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டுத் துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன்.

கேட்டில் என்னை உள்ளே விட மாட்டார்கள். முதலாளி கோயமுத்தூர்க்காரர், ஓசூருக்கு எப்போதாவது வருவார். தவறாமல் வருவது ஆயுத பூஜைக்கு. அன்றைக்குக் கேட் திறந்தே இருக்கும். தொழிலாளிகள் குடும்பத்தோடு வருவார்கள், பழைய ஆட்கள் வருவார்கள், யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். புரட்டாசிவரை காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் அந்தக் காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன், அலுக்கவே இல்லை.

ஆயுத பூஜையன்று ஃபிட்டர் அண்ணன் கேட்டிலேயே நின்றிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே துணிமூட்டையை வாங்கிக்கொண்டார். "நான் வைக்கிறேன் மேடம். தகட்டை உள்ள வச்ச கைதானே இது. நீங்க வச்சா அதுக்கும் ஒரு பேச்சு வரும்" என்றார். மெஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி, நீள மேசையில் வாழையிலை விரித்து, ஸ்பானர், சுத்தியல், அளவுகோல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் துண்டை நிறுத்தினார். நல்ல பக்கம் வெளியே தெரிய, அரித்த பக்கம் சுவரைப் பார்க்க.

மேனேஜர் பட்டு வேட்டியில் வந்தார். முதலாளி பின்னால் கைகூப்பியபடி வர, ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டே நகர்ந்தார். குழந்தைகள் பொரியை அள்ளிக்கொண்டு குறுக்கே ஓடின. நான் கேன்டீன் பெண்களோடு பின்வரிசையில் நின்றேன். கடைசித் துண்டுக்கு வந்தார். ஏதோ குழாய்த் துண்டு என்று நினைத்திருப்பார். குனிந்து, என் எண் பதிந்திருந்த இடத்துக்கு மேலேயே பொட்டு வைத்தார். வைத்த விரல் அங்கேயே நின்றது. எண்ணைப் படித்துவிட்டார். ஃபிட்டர் அண்ணன் இரண்டு கையாலும் துண்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

"என்னங்க இது?" என்றார் முதலாளி. நான் முன்னால் போனேன். சென்னையில் விழுந்த கம்பம் என்றேன். செம்பு அலுமினியத்தை என்ன செய்யும் என்று சொன்னேன். கொக்கி பூட்டிய இடமெல்லாம் நன்றாக இருப்பதையும், அழுகியது தகடு வைத்த இடம் மட்டும்தான் என்பதையும் சொன்னேன். உறையில் போட்டு வைக்கலாம் என்று நான் கேட்டதையும் சொன்னேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று வீட்டில் பழகியிருந்தேன், நடுங்கவில்லை. "பூஜை நேரத்துல இதெல்லாம் வேணாமே சார்" என்று மேனேஜர் ஆரம்பித்தார். முதலாளி அவரைப் பார்க்காமல், மூலையில் சாத்தியிருந்த புதுக் கம்பங்களைப் பார்த்தார். "அதுல தகடு இருக்குதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க சார். வைக்க வேணாம்னு சொல்லிட்டாரு" என்றார் ஃபிட்டர் அண்ணன், நாமம் போட்ட நெற்றியை நிமிர்த்தி. "சாமி பேரைச் சொல்லி ஒரு பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டா, அந்தச் சாமிக்கே ஆகாதுங்க."

முதலாளி வியாபாரி, அவருக்கு அது போதும். திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துவிடும்படி என்னிடம் சொன்னார். எல்லோரும் மூச்சு விட்டார்கள், பூஜை தொடரப்போகிறது என்று. "வேலை அப்புறம் சார்" என்றேன். "அன்னிக்கு எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னாரு. இன்னிக்கும் எல்லாரும் இருக்காங்க. அவர் வாயால சொல்லட்டும்." மேனேஜர் தரையைப் பார்த்தபடி, தப்பு தன்னுடையது என்று ஏதோ சொன்னார். மெஷின்கள் நின்றிருந்த அந்த அமைதியில் எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் பின்வரிசையில் நின்ற கேன்டீன் பெண்களுக்குக் கேட்டிருக்காது. "கேக்கல சார்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த முறை அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. "கம்பம் விழுந்ததுக்கு நான் வச்ச தகடுதான் காரணம். அவங்க மேல தப்பு இல்ல" என்று உரக்கச் சொன்னார். ஒரு குழந்தை சிரித்தது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

பழிவாங்கியவர்களுக்குக் கடைசியில் மனம் வெறுமையாகிவிடும் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். திங்கள்கிழமை வேலைக்கும் போனேன். வேறு இடம் கிடைத்திருக்கும். இருந்தாலும் அவர் தினமும் என்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனேன். அவர் ஓய்வு பெறும்வரை அதே கூரையின் கீழ் இருந்தோம். அவர் அதற்குப் பிறகு என்னை 'அம்மா' என்று அழைத்ததில்லை, 'மேடம்' என்றார். நானும் 'சார்' என்றேன். விடைபெறும் நாளில் மாலையோடு என் மேசைக்கு வந்து, "மனசுல ஒண்ணும் வச்சுக்கலியே?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அத்தோடு கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் இறந்துபோனார். மகன் ஆள் அனுப்பியதால் பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். உறவுக்காரர்கள், பழைய தொழிலாளிகள், இந்தத் தொழில் படித்துக்கொண்டிருந்த உறவுப் பையன்கள் என்று கூடம் நிறைய ஆட்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மகன் எழுந்து தகப்பனாரைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். நல்ல பிள்ளை, கண் கலங்கித்தான் பேசினார். அப்பா எவ்வளவு பெரிய மேதை என்று சொல்லும்போது, அலுமினியக் கம்பத்துக்குள் செம்பு இருந்தால் கடலில் அரித்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே அப்பாதான் கண்டுபிடித்தார், சாமித் தகடாக இருந்தாலும் வைக்கக் கூடாது என்று ஒற்றை ஆளாக நின்று தடுத்தார், இதை அப்பா எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை சொல்லியிருக்கிறார் என்றார். உறவுக்காரர்கள் 'ஆமாம் ஆமாம்' என்று தலையசைத்தார்கள். சுவரில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

என் தொழிலையும் பெயரையும் ஒருமுறை பறித்தார், திரும்ப வாங்கினேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறபோது சொல்லும் கதையில் மறுபடியும் பறித்திருக்கிறார். எழுந்தேன். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இல்ல தம்பி" என்றேன். "அதைச் சொன்னது நான். தகடு வச்சது உங்கப்பா. என்னை வேலையை விட்டு அனுப்பினதும் அவர்தான்." அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

சாப்பிடாமலே கிளம்பிவிட்டோம். இப்போது மேம்பாலம் வந்துவிட்ட இடத்தில் அன்றைக்கு ரயில்வே கேட் போட்டிருந்தது. அங்கே ஆட்டோ நின்றபோது அக்கா, "மௌத்து வீட்டுல போயா இதைச் சொல்லுவே? வேற இடமே கெடைக்கலியா உனக்கு?" என்றாள்.

"அந்தப் பொய் இருந்தது அந்த வீட்லதானே அக்கா" என்றேன்.